சத்தம் எங்கே நின்றது?

கிடாரின் தடித்த ஆறாவது கம்பியைத் திறந்தபடி தட்டினால் அது நொடிக்கு 82 முறை அதிர்கிறது. கம்பிக்குக் கீழே இருக்கும் பிக்கப்பில் காந்தமும், அதைச் சுற்றி மயிரிழையை விட மெல்லிய செப்புக் கம்பியில் பல ஆயிரம் சுற்றுகளும் உண்டு. மேலே எஃகுக் கம்பி ஆடும்போது காந்தப்புலமும் சேர்ந்து ஆட, சுருளில் ஏறக்குறைய பத்தில் ஒரு வோல்ட் பிறக்கிறது. 12 அங்குல ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை அசைக்க இது போதவே போதாது. 8 ஓம் ஸ்பீக்கரில் 100 வாட் வேண்டுமானால் 28 வோல்ட்டும் மூன்றரை ஆம்பியரும் வேண்டும். அலையின் உச்சியில் அது 40 வோல்ட்டைத் தொடும். பத்தில் ஒரு வோல்ட்டுக்கும் 40 வோல்ட்டுக்கும் நடுவே பத்துப் பதினைந்து கட்டங்கள் இருக்கின்றன. ஆம்ப்ளிஃபயர், சுருக்கமாக ஆம்ப், பழுதானால் அவற்றில் ஏதோ ஒன்றில் சத்தம் நின்றுபோகிறது. அது எது என்று கண்டுபிடிப்பதுதான் பழுதுபார்க்கும் வேலையில் பத்தில் ஒன்பது பங்கு. கெட்ட பாகத்தைக் கழற்றிப் புதியதை வைக்க ஐந்து நிமிடம் போதும்.

வால்வு இல்லாத, முழுக்க டிரான்சிஸ்டரால் ஆன ஆம்பை எடுத்துக்கொள்வோம். உள்ளே முதலில் ப்ரீ ஆம்ப். பெரும்பாலும் 4558 அல்லது TL072 போன்ற எட்டுக்கால் ஐசிகள். அவற்றுக்குப் பூச்சியத்துக்கு மேலே 15, கீழே 15 வோல்ட். வால்யூம், பாஸ், மிடில், ட்ரெபிள் கன்ட்ரோல்கள் எல்லாம் இங்கேதான். அடுத்து பவர் ஆம்ப். அதற்கு மேலே 45, கீழே 45 வோல்ட் தேவை. வரும் அலையைப் பருக்க வைத்து, ஹீட் சிங்கில் முடுக்கிய பெரிய டிரான்சிஸ்டர்கள் வழியாக ஸ்பீக்கருக்குத் தள்ளுவது அதன் பொறுப்பு. இந்த இரண்டுக்கும் சோறு போடுவது டிரான்ஸ்ஃபார்மர், டயோடுகள், இரண்டு பெரிய ஃபில்டர் கண்டென்சர்கள் அடங்கிய பவர் சப்ளை.

பழுது என்று வந்த ஆம்பின் பெட்டியை உடனே திறக்க வேண்டியதில்லை. முன்பக்கத்தில் இருக்கும் வால்யூம் குமிழே முதல் அளவீட்டுக் கருவி. இரைச்சல் கேட்கிறதா? வால்யூமைக் குறையுங்கள். இரைச்சலும் கூடவே குறைந்தால் அது குமிழுக்கு முன்னால் பிறக்கிறது. குமிழைப் பூச்சியத்தில் வைத்தும் இரைச்சல் அப்படியே இருந்தால் பின்னால் பிறக்கிறது. ஸ்க்ரூ டிரைவரைத் தொடாமலே பாதி ஆம்ப் விசாரணையிலிருந்து விடுதலையாகிவிட்டது.

இரைச்சல் எந்தச் சுருதியில் இருக்கிறது என்பதும் சாட்சி சொல்லும். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முழு அலைகளாக ஏறி இறங்குகிறது. கிடார் வயரின் உறை அறுந்திருந்தாலோ எர்த் இணைப்பு விட்டுப்போயிருந்தாலோ உள்ளே நுழையும் உறுமலின் அடிச்சுருதி 50 ஹெர்ட்ஸ். பவர் சப்ளையின் டயோடுகள் அலையின் கீழ்ப்பாதியையும் மேலே புரட்டிவிடுவதால் அங்கே அதிர்வு இரட்டிப்பாகி 100 ஹெர்ட்ஸ் ஆகிறது. ஃபில்டர் கண்டென்சர் வற்றிப்போனால் கேட்பது இந்த 100. இரண்டையும் பிரித்தறியக் கிடாரே போதும். ஆறாவது கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டில் வரும் ஜி சுரம் 98 ஹெர்ட்ஸ். அதை மெதுவாக மீட்டி, ஆம்பின் உறுமலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் உரசி நொடிக்கு இரண்டு முறை அலையலையாக ஏறி இறங்கினால் உறுமல் 100 ஹெர்ட்ஸ். பார்க்க வேண்டிய இடம் கண்டென்சர். உறுமல் அதைவிட ஒரு ஸ்தாயி கீழே கிடந்தால் எர்த்தையும் வயரையும் பாருங்கள். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கே இந்த சுரம் உதவாது. 120-க்கு அருகில் இருக்கும் பி சுரத்தைத் தேட வேண்டும்.

கண்டென்சர் வற்றுவது என்று மெக்கானிக்குகள் சொல்வது வெறும் பேச்சு வழக்கு இல்லை. உள்ளே அலுமினியத் தகடுகளுக்கு நடுவே ஈரமான காகிதம் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அந்த ஈரம் ரப்பர் அடைப்பின் வழியே ஆண்டுக்கணக்கில் கசிந்து ஆவியாகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இந்தத் துறையின் நடைமுறைக் கணக்கு. ஹீட் சிங்குக்கு ஒட்டினாற்போல் கண்டென்சரை வைத்து வடிவமைத்த ஆம்ப் ஏன் சீக்கிரம் உறுமத் தொடங்குகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

சத்தமே வரவில்லை என்றால்? இங்கேதான் பாதிப் பாதியாக வெட்டும் முறை தன் முழு அழகைக் காட்டுகிறது. நடுவில் ஓர் இடத்தில் சோதித்தால் ஒரே சோதனையில் பாதிக் கட்டங்கள் கழிந்துவிடும். மீதியின் நடுவில் அடுத்த சோதனை. 16 கட்டங்கள் இருந்தால் நான்கே சோதனையில் குற்றவாளி தனியாக நிற்பான். கிடார் ஆம்புகள் பலவற்றில் இந்த நடுப்புள்ளி பின்பக்கத்திலேயே திறந்து கிடக்கிறது: எஃபெக்ட்ஸ் லூப்பின் செண்ட், ரிட்டர்ன் என்ற இரண்டு ஜாக்குகள். ப்ரீ ஆம்பிலிருந்து வெளியே வருவது செண்ட், பவர் ஆம்புக்குள் நுழைவது ரிட்டர்ன். செல்போனில் ஒரு பாட்டை ஓடவிட்டு ரிட்டர்னில் கொடுங்கள். பாட்டு ஒலித்தால் பவர் ஆம்ப் நலம். செண்டிலிருந்து வயர் எடுத்து வேறொரு ஆம்பில் செருகிக் கிடாரை மீட்டுங்கள். சத்தம் வந்தால் ப்ரீ ஆம்ப் நலம்.

இரண்டும் நலமாக இருந்தும் ஆம்ப் மட்டும் ஊமையாகவே இருப்பதுண்டு. புதிதாகக் கற்பவர்கள் குழம்பி நிற்கும் இடம் இது. ஆனால் பாதிகள் இரண்டும் சரி என்றால் தவறு அவை சேரும் இடத்தில்தான் இருக்க முடியும். ரிட்டர்ன் ஜாக்குக்குள் வளைந்த சிறு தகடு ஒன்று உண்டு. எதுவும் செருகாதபோது அது உள்ளே இருக்கும் இன்னொரு தகட்டைத் தொட்டபடி, செண்டையும் ரிட்டர்னையும் இணைத்து வைத்திருக்கும். பிளக்கைச் செருகினால் அது தள்ளப்பட்டு இணைப்பு விடும். பத்தாண்டு யாரும் எதையும் செருகாவிட்டால் தொடும் முனைகளில் மெல்லிய கறுப்புப் படலம் படிந்துவிடுகிறது. வீட்டு விளக்கு சுவிட்சிலும் இதே படலம் படியும். ஆனால் அங்கே ஒவ்வொரு முறையும் தெறிக்கும் சிறு பொறி அதை எரித்துவிடும். இந்த ஜாக்கில் ஓடுவது ஒரு வோல்ட் அளவிலான ஒலியலை. மின்னோட்டம் ஆம்பியரில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு. படலத்தைத் துளைக்க அதற்குத் தெம்பு இல்லை. ஒரு சிறு வயரால் செண்டையும் ரிட்டர்னையும் வெளியே இணைத்துப் பாருங்கள். ஆம்ப் பேசத் தொடங்கினால் நோய் இதுதான். கான்டாக்ட் கிளீனர் தெளித்து, பிளக்கை இருபது முப்பது முறை செருகி எடுத்தால் பல ஆம்புகள் அங்கேயே குணமாகின்றன. ஹெட்போன் ஜாக்கிலும் இதே கதை நடக்கும். அங்கே இணைப்பு விட்டால் ஸ்பீக்கர் அடங்கிவிடும். நல்ல பவர் டிரான்சிஸ்டர்களை வரிசையாகக் கழற்றிப்போட்ட பிறகு இந்தத் தகடு நினைவுக்கு வருவது எவ்வளவு வீண் செலவு!

வெளியே செய்யக்கூடியது முடிந்தது என்றால் பெட்டியைத் திறக்கலாம். பிளக்கைச் சுவரிலிருந்து உருவுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. உருவிய பிறகும் ஃபில்டர் கண்டென்சர்களில் மின்சாரம் தேங்கியிருக்கும். 45 வோல்ட்டில் நிரம்பிய 4700 மைக்ரோ ஃபாரட் கண்டென்சர் ஏறக்குறைய 5 ஜூல் ஆற்றலைப் பிடித்து வைத்திருக்கிறது. வால்வு ஆம்பின் 400, 500 வோல்ட்டைப் போல இது ஆளை வீழ்த்துவதில்லை. ஆனால் இரண்டு கண்டென்சர்களின் வெளிமுனைகளைச் சேர்த்துத் தொட்டால் 90 வோல்ட். மோதிரம் குறுக்கே பட்டால் விரல் வெந்துவிடும். ஸ்க்ரூ டிரைவரால் பொறி பறக்க ஷார்ட் செய்யும் பழக்கத்தை விடுங்கள். 1000 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை முனைகளுக்குக் குறுக்கே அரை நிமிடம் பிடித்தால் போதும். மல்டிமீட்டரால் பூச்சியத்தை உறுதி செய்த பிறகே கையை வையுங்கள். ஃப்யூஸ், சுவிட்ச், டிரான்ஸ்ஃபார்மரின் முதல் சுருள் இருக்கும் பக்கம் 230 வோல்ட். கரன்ட் இருக்கும்போது அங்கே விரலுக்கு வேலையே கிடையாது.

முதலில் கண்ணுக்கு வேலை. ஸ்பீக்கரும் சர்க்யூட்டும் ஒரே பெட்டியில் இருக்கும் காம்போ ஆம்பில் ஒவ்வொரு பாஸ் சுரமும் போர்டை உலுக்குகிறது. அந்த உலுக்கல் ஈயப் பற்றுகளில் போய் முடிகிறது. ஜாக்குகளின் கால்கள், கன்ட்ரோல்களின் கால்கள், கனத்த பாகங்களின் அடி ஆகியவற்றை உருப்பெருக்கிக் கண்ணாடியில் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். பளபளக்கும் ஈயக் குமிழின் நடுவே, காலைச் சுற்றி மயிரளவுக் கறுப்பு வளையம் ஒன்று தெரியும். கால் ஈயத்தோடு ஒட்டாமல் அந்த வளையத்துக்குள் சும்மா நின்றுகொண்டிருக்கிறது. ட்ரை சோல்டர் என்று கடைகளில் சொல்வது இதைத்தான். சூடானால் விரிந்து தொடும், ஆறினால் விலகும். அதனால்தான் சில ஆம்புகள் அரை மணி நேரம் ஓடியபின் உயிர் பெறுகின்றன, அல்லது மேலே ஒரு தட்டுத் தட்டினால் பாடுகின்றன. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். மேலே கொஞ்சம் பூசுவதால் அழுக்கும் ஆக்சைடும் உள்ளேயே தங்கும், விரிசல் திரும்ப வரும்.

ஃப்யூஸ் போயிருந்தால், புதிது போட்டு ஆன் செய்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். ஃப்யூஸ் ஏன் போனது என்று தெரியும்வரை அடுத்ததும் போகும். போகும் முன் புதிய டிரான்சிஸ்டரையும் கூட்டிக்கொண்டு போகும். இதற்காகவே பட்டறைகளில் சீரிஸ் லேம்ப் தொங்குகிறது: 100 வாட் குண்டு பல்பு ஒன்று, ஆம்புக்குப் போகும் கரன்ட் பாதையில் தொடராக. எளிமையான இந்தச் சாதனத்துக்குள் அருமையான இயற்பியல் இருக்கிறது. முழுப் பிரகாசத்தில் எரியும்போது அந்த பல்பின் டங்ஸ்டன் இழைக்கு 529 ஓம் மின்தடை. குளிர்ந்திருக்கும்போது 40 ஓம் அளவில்தான். நலமான ஆம்ப் சும்மா இருக்கும்போது கொஞ்சமே கரன்ட் எடுக்கும். இழை சூடாகாது, தடையும் குறைவாகவே இருக்கும், ஆம்புக்குப் போதிய வோல்டேஜ் போய்ச் சேரும். உள்ளே ஷார்ட் இருந்தால் இழை கணத்தில் வெளுத்துத் தடையைப் பத்து மடங்குக்கு மேல் ஏற்றிக்கொள்கிறது. அரை ஆம்பியருக்கு மேல் எதுவும் கடக்க முடியாது. ஆன் செய்ததும் பல்பு பளிச்சென்று மின்னிச் சிவந்து மங்கினால் கண்டென்சர்கள் நிரம்பியதன் அடையாளம், கவலை வேண்டாம். மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் ஷார்ட். எல்இடி பல்பு இந்த வேலைக்கு ஆகாது, அதற்குள் சூடேறித் தடை கூட்டும் இழை கிடையாது. கடைகளில் குண்டு பல்பு அரிதாகி வருகிறது. கிடைத்தால் இரண்டு வாங்கி வையுங்கள்.

ஷார்ட் என்றால் முதல் சந்தேகம் வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் மேல். சிலிக்கான் சந்தி எதுவானாலும் ஒரு திசையில் 0.5 முதல் 0.7 வோல்ட் காட்டும், மறுதிசையில் ஒன்றும் காட்டாது. மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து பேஸ், எமிட்டர், கலெக்டர் மூன்றையும் இரண்டிரண்டாகத் தொட்டுப் பாருங்கள். கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவே பூச்சியம் காட்டி மீட்டர் பீப் அடித்தால் அந்த டிரான்சிஸ்டர் உருகிப்போன வெறும் சிலிக்கான் கட்டி. சர்க்யூட்டில் இருக்கும்போது பக்கத்துப் பாகங்கள் அளவைக் கெடுக்கலாம். சந்தேகம் வந்தால் கழற்றி அளக்க வேண்டும். ஒன்று மட்டும் போயிருக்கும் என்று நம்பவும் கூடாது. ஷார்ட்டான டிரான்சிஸ்டர் 45 வோல்ட்டை அப்படியே தன் பேஸ் வழியாகப் பின்னோக்கித் தள்ளுவதால் அதை இயக்கிய டிரைவர் டிரான்சிஸ்டரும், எமிட்டரில் இருக்கும் 0.33 ஓம் போன்ற சின்ன ரெசிஸ்டரும் சேர்ந்தே பலியாகியிருக்கும். டிரான்சிஸ்டர் ஷார்ட்டாகும்போது ஸ்பீக்கர் இணைப்பில் இருந்தால் அதன் கதி இன்னும் மோசம். 8 ஓம் ஸ்பீக்கரின் சுருளுக்கு நேர்மின் தடை ஆறரை ஓம் அளவில். 45 வோல்ட் நேர்மின்சாரம் அதில் கணக்குப்படி 300 வாட்டுக்கு மேல் வெப்பமாகும். கூம்பு ஒரே பக்கமாகப் பிதுங்கி நிற்க, சில நொடிகளில் சுருள் கருகும். ஆகவே வெளியீட்டில் 50 மில்லிவோல்ட்டுக்கு மேல் நேர்மின்சாரம் இல்லை என்று பார்க்காமல் ஸ்பீக்கரை மாட்டுவது குற்றம் என்றே சொல்வேன். சிறிய ஆம்புகளில் டிரான்சிஸ்டர்களுக்குப் பதில் LM3886, TDA7294 போன்ற ஒற்றை ஐசி இருக்கும். அதில் மியூட் காலுக்கு வர வேண்டிய வோல்டேஜ் வராததால் நல்ல ஐசியே செத்ததுபோல் நடிப்பதுண்டு.

ஷார்ட் எதுவும் இல்லை, ஆனால் வெளியீடு மேலே 45 வோல்ட்டில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுக்கிறது என்று வையுங்கள். பாதிப் பாதியாக வெட்டும் முறை இங்கே தோற்றுப்போகும். காரணம் எதிர்ப் பின்னூட்டம். 1927 ஆகஸ்ட் 2 காலையில், பெல் ஆய்வகப் பொறியாளர் ஹெரால்ட் பிளாக் வேலைக்குப் போக ஹட்சன் ஆற்றைப் படகில் கடக்கும்போது இந்த யோசனை தோன்றியது. கையில் இருந்த நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் பக்கத்திலேயே படம் போட்டுக் கணக்கையும் எழுதினார். வெளியீட்டின் ஒரு பங்கை உள்ளீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்து ஒப்பிட்டு, பிசகைக் கழித்துவிடுவது. தொலைபேசித் தடங்களுக்காகப் பிறந்த அந்த யோசனை இன்று ஏறக்குறைய எல்லாப் பவர் ஆம்புக்குள்ளும் இருக்கிறது. அதன் தயவில்தான் ஒலி சுத்தமாக வருகிறது. ஆனால் கடைசிக் கட்டம் முதல் கட்டத்தோடு இணைந்து எல்லாம் ஒரே வளையம் ஆகிவிடுவதால், ஓரிடத்தில் பிசகினாலும் எல்லா இடத்து வோல்டேஜும் தவறாகவே காட்டும். எங்கே தொட்டாலும் நோய் தெரியும், நோய்க்கு ஊர் தெரியாது.

இதற்கு நான் மதிக்கும் ஒரே வழி, ஒவ்வொரு கட்டத்துக்கும் என்ன கட்டளை வருகிறது, அது கீழ்ப்படிகிறதா என்று கேட்பது. பவர் ஆம்பின் வாசலில் ஜோடி டிரான்சிஸ்டர்கள் தராசுபோல் நிற்கின்றன. ஒரு தட்டில் உள்ளே வரும் அலை, மறு தட்டில் வெளியீட்டிலிருந்து திரும்பி வரும் பங்கு. பல ஆம்புகளில் உள்ள அமைப்பில் இந்த ஜோடி, மேல் சப்ளையோடு எமிட்டர் இணைந்த ஒரு பிஎன்பி டிரான்சிஸ்டரை இயக்குகிறது. அது ஓடினால் வெளியீடு மேலே ஏறும், நின்றால் கீழே இறங்கும். இப்போது வெளியீடு மேலே ஒட்டியிருக்கிறது. தராசு சரியாக வேலை செய்தால் “போதும், நிறுத்து” என்று சொல்லியிருக்க வேண்டும். சீரிஸ் லேம்ப் வழியாக, ஸ்பீக்கர் இல்லாமல் ஆன் செய்து அந்த பிஎன்பியின் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே அளங்கள். பூச்சியத்தை ஒட்டி இருந்தால் நிறுத்து என்ற கட்டளை போய்விட்டது. அதன்பிறகும் வெளியீடு இறங்கவில்லை என்றால் கேளாதது அந்த டிரான்சிஸ்டரோ அதற்குப் பின்னால் உள்ளவையோதான். மாறாக அங்கே 0.6 வோல்ட் இருந்தால், வெளியீடு உச்சியில் இருக்கும்போதும் ஏறு ஏறு என்றே கட்டளை வருகிறது, பழுது வாசலில். ஒரே அளவீடு வளையத்தை இரண்டாக அறுத்துவிடுகிறது. இன்னொன்று: பேஸ் எமிட்டர் நடுவே ஒரு வோல்ட்டுக்கு மேல் முன்திசையில் காட்டும் சாதாரண சிலிக்கான் டிரான்சிஸ்டர் உள்ளே அறுந்தது, விசாரணையே வேண்டாம்.

பாகங்களை மாற்றியபின் பலரும் தவறவிடுவது பயாஸ் டிரான்சிஸ்டர். பெரிய டிரான்சிஸ்டர்கள் சும்மா இருக்கும்போதும் கொஞ்சம் மின்னோட்டம் ஓடினால்தான் அலை பூச்சியத்தைக் கடக்கும் இடத்தில் ஒலி கரடுதட்டாது. ஆனால் சிலிக்கானுக்கு ஒரு குணம் உண்டு. வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் அதே மின்னோட்டத்துக்குத் தேவைப்படும் பேஸ் வோல்டேஜ் சுமார் 2 மில்லிவோல்ட் குறைந்துவிடும். வோல்டேஜைக் குறைக்காமல் அப்படியே விட்டால், 18 மில்லிவோல்ட் உபரியானதும், அதாவது 9 டிகிரி ஏறியதும், மின்னோட்டம் இரட்டிப்பாகும். மின்னோட்டம் ஏறினால் சூடு ஏறும். சூடு ஏறினால் மின்னோட்டம் ஏறும். எமிட்டர் ரெசிஸ்டர்கள் ஓரளவு தடுத்துப் பார்க்கும். உண்மையான காவல், ஹீட் சிங்கோடு ஒட்டி அதன் சூட்டைத் தானும் உணர்ந்து பேஸ் வோல்டேஜைக் குறைக்கும் அந்தச் சின்ன டிரான்சிஸ்டர். கழற்றியவர் திரும்ப மாட்டும்போது அதைக் காற்றில் தொங்கவிட்டால் ஆம்ப் பட்டறையில் நன்றாகப் பாடும், மேடையில் ஒரு மணி நேரத்தில் எரியும்.

புதிய வெளியீட்டு டிரான்சிஸ்டர்களுக்கு அடியில் மைக்காவும் வெப்பப் பசையும் வைத்து முடுக்கிய உடனே கலெக்டருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே மீட்டர் பீப் அடிக்கிறதா பாருங்கள், அடிக்கவே கூடாது. பிரபலமான எண்களில் போலி டிரான்சிஸ்டர் உலகெங்கும் விற்கிறது. வெளியே அதே அச்சு, உள்ளே சிறிய சிலிக்கான் சில்லு. விலை பாதியாக இருந்தால் வாங்காதீர்கள். ஆன் செய்து, சீரிஸ் லேம்ப் மங்கியபடி இருக்க, வெளியீட்டில் 50 மில்லிவோல்ட்டுக்குள் நேர்மின்சாரம் என்று பார்த்தபின் லேம்பை எடுத்துவிடலாம். 0.33 ஓம் எமிட்டர் ரெசிஸ்டருக்குக் குறுக்கே 8 மில்லிவோல்ட் என்றால் 24 மில்லி ஆம்பியர் ஓடுகிறது. ஆம்பின் சர்வீஸ் தாள் சொல்லும் அளவோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். ஸ்பீக்கருக்குப் பதில் 8 ஓம், 100 வாட் ரெசிஸ்டரைச் சுமையாக மாட்டி, உள்ளீட்டில் ஒலியலை கொடுத்து, ஹீட் சிங்கில் கை வைத்துத் தாங்க முடியாத சூடு வரும்வரை ஓட்டுங்கள். அலையை நிறுத்தியதும் அந்தச் சூட்டிலேயே பயாஸைத் திரும்ப அளங்கள். முன்பு இருந்ததை ஒட்டியே இருந்தால் ஸ்பீக்கரை மாட்டலாம். ஏறிக்கொண்டே போனால் உடனே அணைத்துவிட்டு, பயாஸ் டிரான்சிஸ்டரின் திருகைப் பாருங்கள்.